போம்டிலாவிலிருந்து ராஜபாளையம் எவ்வளவு நேரம்?

1. சம்மன்

சம்மன் கொண்டுவந்த போலீஸ்காரர் உடனே அதை நீட்டவில்லை. எங்கள் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த இந்தியப் படத்தைச் சிறிது நேரம் நின்று பார்த்தார். விமானம் போகும் வழிகளைச் சிவப்புக் கோடுகளாகப் போட்டிருக்கும் படம் அது. எங்கள் பக்கத்தில் கோடுகள் மதுரையோடு நின்றுவிடும்.

"இதுல நம்ம ஊரு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

மதுரைக்குக் கீழே, மலையை ஒட்டி, முதலாளி பேனாவால் வைத்திருந்த புள்ளியைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சாட்சி சொல்ல வரவேண்டும் என்று என் பெயருக்கு வந்திருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளே மேஜையில் உட்கார்ந்திருந்த முதலாளி எழுந்து வந்து அதைப் படித்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் இது சாதாரண விஷயம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தேன். என் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். காலையில் பஸ் ஏறி வந்து சாயங்காலம் பஸ் ஏறிப் போவேன். எங்களுடையது சப்-ஏஜென்சி. மதுரை ஆபீசுக்குப் போன் போட்டு சீட் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அங்கிருந்து 'ஓகே' வந்த பிறகு டிக்கெட் எழுத வேண்டும். ஒரு ஆளை ஒரு விமானத்திலிருந்து இறக்கி அடுத்த விமானத்தில் ஏற்றுவதற்குக் கனெக்‌ஷன் என்று பெயர். இந்த வேலையில் கஷ்டமான பகுதி அதுதான். சீசனுக்கு ஒருமுறை செங்கல் கனத்தில் டைம் டேபிள் வரும். அதைப் பார்த்துக் கனெக்‌ஷன் போடுவதில் நான் கெட்டிக்காரி. தன்னடக்கத்துக்காக இதைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அந்தக் கவுண்டரில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு ஆண்களும் போட்ட கனெக்‌ஷனில் ஆட்கள் பம்பாயில் ராத்தங்கியிருக்கிறார்கள். நான் போட்டதில் அப்படி யாரும் நின்றதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மில்காரர்கள் வந்தால் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஆள் இல்லையா?" என்பார்கள். "நான்தான் ஆள், சொல்லுங்க" என்பேன். ஒரு வருஷத்தில் அந்தக் கேள்வி நின்றுபோனது.

2. தோப்பு

சம்மனுக்குக் காரணமான வழக்கைச் சொல்லிவிடுகிறேன்.

தளவாய்புரம் பக்கம் ஒரு பெரிய தென்னந்தோப்பு. அதை ஒட்டி மாரிச்சாமி என்ற பட்டாளத்துக்காரரின் குடும்பத்துக்குக் கொஞ்சம் வயல். நடுவில் ஓடும் வாய்க்கால் யாருக்கு என்று இரண்டு தரப்புக்கும் பல வருஷத் தகராறு. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் தோப்புக் காவல்காரரை யாரோ அடித்து அவர் கை முறிந்துவிட்டது. கை முறிந்தது உண்மை. அடித்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாரிச்சாமிதான் கம்பியால் அடித்தார் என்று தோப்புத் தரப்பில் புகார் கொடுத்தார்கள்.

மாரிச்சாமி லீவில் வருகிறார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. ஆனால் அவர் இருந்த இடம் போம்டிலா. அஸ்ஸாமுக்கும் மேலே, சீன எல்லைப் பக்கம் மலைக்குள் இருக்கிற ஊர். மண் சரிந்து பாதை அடைபட்டதால் அவர் நினைத்த நாளில் கிளம்ப முடியவில்லை. முகாமை விட்டு அவர் கிளம்பியது காவல்காரர் அடிபட்டதற்கு முந்தின நாள் காலை என்று ராணுவத்திலிருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரயில் மாறி மாறி அவர் தளவாய்புரம் வந்து சேர்வதற்குள் அவர் மேல் வழக்குப் பதிவாகிவிட்டது. வந்து இறங்கியவரைக் கைது செய்தார்கள். பிறகு ஜாமீனில் வந்தார். தண்டனை கிடைத்தால் பட்டாள வேலை போய்விடும். அந்த வேலையை நம்பித்தான் அந்த வீடு இருந்தது.

ரயிலில் அவர் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் வந்தார். அதற்குச் சாட்சி இல்லை. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆள் விமானத்தில் வந்தார், வந்து அடித்துவிட்டு நாலு நாள் ஒளிந்திருந்து, பிறகு ரயிலில் வந்ததுபோல் வீட்டுக்கு வந்தார் என்றார்கள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இன்னொரு பகலும் இருக்கிறதே, விமானத்துக்கு அது போதாதா? யார் கேட்டாலும் நியாயமாகத்தான் படும்.

மாரிச்சாமியின் வக்கீல் ஒரு மத்தியானம் எங்கள் கவுண்டருக்கு வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். போம்டிலாவிலிருந்து ராஜபாளையத்துக்கு விமானத்தில் எவ்வளவு நேரத்தில் வரலாம் என்று கேட்டார். யாருக்கு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் அதைக் கேட்கக் கூடாது. டைம் டேபிளை விரித்து அவர் சொன்ன நாளை வைத்து வழி போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டார். போகும்போது, இதைக் கோர்ட்டில் கேட்டாலும் சொல்வீர்களா என்றார். இருக்கிறதைத்தானே சொன்னேன், எங்கே கேட்டாலும் சொல்வேன் என்றேன். அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன்.

3. முதலாளி சொன்னது

தோப்புக்காரர் எங்கள் ஏஜென்சியின் பெரிய கஸ்டமர். மாதம் தவறாமல் மெட்ராஸ், பம்பாய் என்று அவர் வீட்டிலிருந்து யாராவது பறந்துகொண்டிருப்பார்கள். முதலாளி கவலைப்பட்டதில் தப்பில்லை. அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. என்னை அம்மாயி, அதாவது பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார். அதுவரை என்னை ஒரு சுடுசொல் சொன்னவர் இல்லை.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"அம்மாயி, ஒன்னய பொய் சொல்லச் சொல்லல. 'உறுதியாச் சொல்ல முடியாது'ன்னு சொல்லிட்டு வந்துரு. அம்புட்டுத்தான்."

"உறுதியாச் சொல்ல முடியுமே, முதலாளி."

"டைம் டேபிள் மாறும்லா? பிளேன் லேட்டாகும், ரத்தாகும், எல்லாம் நடக்கும்லா?"

"லேட்டாகும். ரத்தாகும். அப்படி ஆனா அவரு இன்னும் பொறவுதான வந்து சேருவாரு?"

அவர், உனக்கு என்ன தலையெழுத்து, யாரோ ஒரு பட்டாளத்துக்காரனுக்காக நீ ஏன் நிற்கிறாய் என்று கேட்டார். நான் யாருக்காகவும் நிற்கவில்லை, சம்மன் என் பெயருக்கு வந்திருக்கிறது என்று சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தோப்புக்காரரே வந்தார். வழக்கமாக டிரைவரைத்தான் அனுப்புவார். பம்பாய்க்கு ஒரு டிக்கெட் கேட்டார். மதுரைக்குப் போன் போட்டு சீட் வாங்கி எழுதினேன். எழுதுகிற வரைக்கும் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"பிளேனு சில நாளு முன்னக்கூட்டியே வந்துருமாமே" என்றார்.

"வரும். ஆனா ஏறுன ஆளுதான் இறங்குவாரு" என்றேன்.

அவர் சிரித்தார். டிக்கெட்டை வாங்கி உறையில் போட்டுக்கொண்டு, "பொம்பளப் பிள்ளைக்கு இது நல்ல வேல. நெழல்ல உக்காந்து பாக்குற வேல. வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். குரலை உயர்த்தவே இல்லை.

வீட்டில் அம்மா அழுதாள். அப்பா பட்டாளத்தில் இருந்து வந்தவர், அப்போது உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அம்மா கேட்டாள். எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. 'உறுதியாகச் சொல்ல முடியாது.' மூன்றே வார்த்தை. யாரும் என்னைப் பொய் சொன்னாய் என்று கேட்க முடியாது.

ஆனால் எனக்கு ஒன்று நினைவிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். அப்பா அப்போது நாகாலாந்தில் இருந்தார். தந்தி கொடுத்தோம். எங்கள் தெருவில் எல்லாரும், பட்டாளத்தில் பிளேன் இருக்கும், நாளைக்கே வந்துவிடுவார் என்றார்கள். தம்பியை ஒரு நாள் வைத்திருந்தோம். அதற்கு மேல் வைக்க முடியவில்லை. அப்பா வந்து சேர்ந்தபோது கல்லறையில் போட்ட பூவெல்லாம் காய்ந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கவே ஒரு நாள் ஆகிவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தாமதமாக வந்ததற்காக உறவில் சிலர் கடைசிவரை அவரைக் குறை சொன்னார்கள். வழியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் சொன்னார்கள்.

வழி தெரிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம்? அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. போகத்தான் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

4. கூண்டு

கோர்ட் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். காலையிலேயே போய் வராந்தாவில் நின்றேன். டைம் டேபிளை மஞ்சள் பையில் வைத்துக் கையில் பிடித்திருந்தேன். மாரிச்சாமியை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். தூணை ஒட்டி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். சாட்சியோடு பேசக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருப்பார். அவர் மனைவி கைப்பிள்ளையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியதும் எழுந்து வந்து, "தண்ணி குடிங்கக்கா" என்று தூக்குச்சட்டியை நீட்டினார். நாக்கு வறண்டிருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தாள் என்று நாளைக்கு ஒருத்தர் சொன்னால் போதும், நான் சொன்னதெல்லாம் போய்விடும். அதை அவரிடம் எப்படி விளக்குவது?

டவாலி என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். கூண்டில் ஏறினேன். மாரிச்சாமியின் வக்கீல் கேட்டதற்கு வழியைச் சொன்னேன். போம்டிலாவிலிருந்து காலையில் கிளம்பினால் மலைப்பாதையில் தேஜ்பூருக்கு இறங்க இருட்டிவிடும். தேஜ்பூரில் தினமும் விமானம் கிடையாது. அடுத்த நாள் அங்கே விமானம் இல்லாத நாள். அதனால் பஸ் பிடித்துக் கௌஹாத்தி போக வேண்டும். அங்கிருந்து மத்தியானத்துக்கு மேல் கல்கத்தா விமானம். தளவாய்புரத்தில் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த ஆள் கல்கத்தாவில் இறங்கிக்கொண்டிருப்பார். அதற்கு மேல் மெட்ராஸ், மதுரை, பிறகு ரோடு இருக்கிறது.

பிறகு அரசு வக்கீல் எழுந்தார். பழுத்த ஆள். கையில் பள்ளிக்கூட அட்லஸும் அடிக்கோலும் வைத்திருந்தார். அட்லஸில் இரண்டு ஊருக்கும் நடுவில் அடிக்கோலை வைத்து, நேர்கோட்டில் ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்று கோர்ட்டுக்குக் காட்டினார். சரியா என்று என்னிடம் கேட்டார். சரியாகத்தான் இருக்கும் என்றேன்.

"ஜெட் விமானம் மணிக்கு எவ்வளவு போகும்?"

"எண்ணூறு போகும் ஐயா."

"அப்போ மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ஆமாவா, இல்லையா?"

"பறக்கிறதுக்கு ஆமா."

"ஆமான்னு மட்டும் சொல்லுங்க."

"மட்டும் சொல்ல முடியாது ஐயா. போம்டிலாவுல பிளேன் ஏற முடியாது. ராஜபாளையத்துல இறங்க முடியாது. நீங்க சொல்றது பிளேன் பறக்கிற நேரம். ஆளு வந்து சேருற நேரம் வேற."

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லி அவர் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். மாஜிஸ்திரேட், சாட்சி சொன்னது பதிலில் சேரும் என்று எழுதச் சொன்னார்.

அரசு வக்கீல் விடவில்லை. அது அவர் வேலை. போம்டிலாவுக்கு நான் போயிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். தேஜ்பூருக்கு? இல்லை. விமானத்திலாவது ஏறியிருக்கிறேனா? அதுவும் இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. உண்மையில் அந்த வயதில் நான் மதுரை விமான நிலையத்தின் வாசலைத் தாண்டியதில்லை. என் தகப்பனார் பட்டாளத்தில் இருந்தவர்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் பட்டாளத்துக்காரர் மேல் எனக்குப் பரிவு உண்டு என்றார். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருக்கிறார்கள், அப்படிப் பார்த்தால் யாருமே சாட்சி சொல்ல முடியாது என்றேன். கடைசியில், எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, எதிரியான மாரிச்சாமியோடு எனக்கு எவ்வளவு நாளாகப் பழக்கம் என்று கேட்டார். மாஜிஸ்திரேட் அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை. ஆனால் கேட்டது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார்கள். சொன்னேன். "அவர இன்னைக்கு வராந்தாவுலதான் ஐயா மொதமொதப் பாத்தேன். இவருக்குப் பதிலா காவல்காரர் போம்டிலாவுல இருந்து வந்தாருன்னு கேட்டிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

இறங்கி வெளியே வந்து குழாயடியில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். ஜெயித்துவிட்டதாகத் தோன்றவில்லை. பிளேனே ஏறாதவள் என்று அவர்கள் சிரித்ததுதான் காதில் இருந்தது. பயந்தாயா என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். பயந்தேன். கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

5. நாற்காலி

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் என் நாற்காலி இல்லை. முதலாளி தலை நிமிரவில்லை. தோப்புக்காரர் இனி மதுரையிலேயே டிக்கெட் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. என்னை வேலையை விட்டு நிறுத்த முதலாளிக்கு மனம் வரவில்லையா, கோர்ட்டில் சொல்லிவிடுவேன் என்று பயமா, தெரியாது. நானாகப் போய்விடுவேன் என்று நினைத்திருப்பார்.

நான் போகவில்லை. நின்றுகொண்டே வேலை பார்த்தேன். நின்றுகொண்டே போன் பேசினேன், டைம் டேபிளைக் கவுண்டர் மேல் வைத்து நின்றுகொண்டே டிக்கெட் எழுதினேன். சாயங்காலம் பஸ்ஸில் இடம் கிடைத்தால் கால் வீங்கியிருப்பது தெரியும். இரண்டாம் வாரம் அவரிடம் நேராகச் சொன்னேன்.

"முதலாளி, நான் வேண்டாம்னா வேண்டாம்னு எழுதிக் குடுங்க. காரணமும் எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் வாரேன்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மாரிச்சாமி விடுதலையானார். என் சாட்சியால் மட்டும் இல்லை, காவல்காரர் தரப்பில் பார்த்ததாகச் சொன்னவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள் என்று வக்கீல் சொன்னார். ஆனாலும் தீர்ப்பில் வழியைப் பற்றி எழுதியிருந்தார்கள் என்று அவர் சொன்னபோது நான் கவுண்டரைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது.

மாரிச்சாமி பட்டாளத்துக்குத் திரும்பும் முன் ஆபீசுக்கு வந்தார். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. சேத்தூர்க்காரர், செட்டியார்பட்டிக்காரர் என்று இரண்டு பட்டாளத்துக்காரர்களைக் கூட்டி வந்திருந்தார்.

"அக்கா, இவிய ரெண்டு பேரும் அந்தப் பக்கந்தான் போறாவ. எந்த வழியில போனா லீவுல ரெண்டு நாளு மிஞ்சும்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னேன். கல்கத்தா வரை ரயில், அங்கிருந்து கௌஹாத்திக்கு மட்டும் விமானம். வீட்டில் இருக்க இரண்டு நாள் கூடக் கிடைக்கும். அவர்கள் ஊரில் போய்ச் சொல்ல, அடுத்தடுத்து ஆள் வர ஆரம்பித்தது. பட்டாளத்துக்காரர்கள், அவர்களின் மனைவிமார், பிள்ளையைப் பார்க்கப் போகும் தகப்பன்மார். ஒருத்தர் ஒரு டிக்கெட்தான் எடுப்பார். ஆனால் ஆள் நிற்காத நாள் இல்லை.

ஒரு நாள் காலையில் கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி இருந்தது. முதலாளிதான் போட்டிருந்தார். "உக்காரு அம்மாயி" என்றார். அன்று பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வெளியே காத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைத் தூக்கிக் கவுண்டருக்கு வெளியே அவளுக்குப் போட்டேன். எனக்கு இன்னொன்று வாங்குங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். மறுநாளே வாங்கிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவரோடு வேலை பார்க்கப் பழகிக்கொள்ளலாம், அவர் பயத்தை நாம் வாங்கிக்கொள்ளாத வரைக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் நானாகத்தான் விலகினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக ஒரு கவுண்டர் போட்டேன். இப்போது என்னிடம் வேலைக்கு வரும் பிள்ளைகள் திரையில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டிவிட்டு, "மேடம், ஃபிளைட் டைம் மூணு மணி நேரம்" என்கிறார்கள். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, இறங்கியபின் என்ன பிடிப்பது என்று கேட்டால் முழிக்கிறார்கள். அதைக் கற்றுக்கொடுத்துவிடலாம், அதற்கு ஒரு மாதம் போதும்.

இன்னொன்று இருக்கிறது, அதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அதற்காக யாரும் உங்களைத் திட்ட விடமாட்டேன். ஆனால் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லச் சொல்லி ஒருத்தர் வருவார். பெரிய ஆளாக இருப்பார், தணிந்த குரலில்தான் கேட்பார். அது நானாக இருந்தாலும் சொல்லாதீர்கள்.